இறால் குளமும் கண்டல் காடும்

ஆறுகள் கடலோடு கலக்கும் இடங்களில், நிலம் என்றோ நீர் என்றோ துணிந்து கூற முடியாத ஒரு பரப்பு உண்டு. ஓதம் எனப்படும் கடல் ஏற்றம் பெரும்பாலான இடங்களில் நாள்தோறும் இருமுறை இதன்மீது பரவி, இருமுறை வடிந்து செல்கிறது. இயற்கை இப்பரப்பில் கண்டல் காட்டை வளர்க்கிறது. மனிதன் இங்கு இறால் குளம் வெட்ட விரும்புகிறான். இரண்டும் வேண்டுவது ஒன்றையே: வந்து போகும் உவர்நீர். ஆகவே இரண்டுக்கும் இடையே போட்டி எழுவது இயல்பு.

இப்போட்டியில் இரு பக்கமும் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. 2023-24-ஆம் ஆண்டில் இந்தியா ஏறத்தாழ 7.16 லட்சம் டன் உறைபதன இறாலை ஏற்றுமதி செய்து, 40,000 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டியது. இதன் பெரும்பகுதி வளர்ப்புக் குளங்களிலிருந்து கிடைத்தது. மறுபக்கம், 2021-ஆம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கை நாட்டின் கண்டல் பரப்பை 4,992 சதுர கிலோமீட்டர் எனக் கணித்தது. அதில் 2,114 சதுர கிலோமீட்டர் மேற்கு வங்காளத்தில் உள்ளது. நாட்டின் மொத்தப் பரப்போடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய துண்டு; ஒருமுறை அழிந்தால் எளிதில் திரும்பாத துண்டு.

குளமா, காடா என்ற வினா இவ்விடத்தில் பொருத்தமற்றது. ஓதநீர் எவ்வழியாக வருகிறது, எவ்வழியாகப் போகிறது, அவ்வழியைக் குளம் அடைக்கிறதா என்பதே கேட்கவேண்டிய வினா. நீர்வழி அடைபடாத இடத்தில் இரண்டும் வாழ்கின்றன. அது அடைபட்ட இடத்தில் முதலில் காடும், சில ஆண்டுகளில் குளமும் கெடுகின்றன. இதன் காரணங்களை அறிந்துகொள்வது களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் இன்றியமையாதது.

கண்டல் காட்டின் இயல்பு

கண்டல் மரங்கள் உவர்ச்சேற்றில் வாழத் தம்மைப் பழக்கிக்கொண்டவை. சேற்றில் பிராணவாயு மிகக் குறைவு. எனவே வெண்கண்டல் மரம் தன் வேர்களிலிருந்து பென்சில்போன்ற சுவாச வேர்களைச் சேற்றுக்கு மேலே நிமிர்த்துகிறது. சுரபுன்னை தன் தண்டிலிருந்து வளைந்த ஊன்றுவேர்களை இறக்கி, அவற்றின்மீது நிற்கிறது. வெண்கண்டல் தன்னுட் புகுந்த உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுகிறது. வெயில் நேரத்தில் இலையைத் தடவினால் உப்புத் துகள் விரலில் ஒட்டும். சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைத்து நீண்ட கன்றாகத் தொங்கிப் பின்னர் நீரில் விழுகிறது. ஓதம் அதனை ஏந்திச் சென்று புதிய சேற்றில் ஊன்றுகிறது.

இவ்வேர்களின் நெருக்கத்தில் நீரின் வேகம் குறைந்து வண்டல் படிகிறது. உதிரும் இலைகள் நுண்ணுயிர்களால் மட்கிச் சிறு துணுக்குகளாகின்றன. இத்துணுக்குகளை நண்டு, இறால், மீன்குஞ்சு ஆகியவை உண்டு வளர்கின்றன. கழிமுகத்தில் வலைவீசும் மீனவர், நண்டு பிடிக்கும் பெண்கள் ஆகியோரின் வாழ்வு இவ்விலையுதிர்விலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

காடு அலையையும் தாங்குகிறது. 1999 அக்டோபர் 29-ஆம் நாள் ஒடிசாவைத் தாக்கிய பெரும் புயலை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று இதனைக் காட்டியது. கேந்திரபாடா மாவட்டத்தில், தமக்கும் கடலுக்கும் இடையே அகன்ற கண்டல் காடு இருந்த கிராமங்களில், காடு குறுகியோ இல்லாமலோ இருந்த கிராமங்களைவிட உயிரிழப்பு குறைவாக இருந்தது. முன்னெச்சரிக்கை காத்த உயிர்கள் இன்னும் அதிகம் என்பதையும் அவ்வாய்வே கூறுகிறது. காடு எச்சரிக்கைக்கு மாற்று ஆகாது. ஆயினும், எச்சரிக்கை எட்டாத வீட்டுக்கும் அது அரணாக நிற்கிறது.

இறாலின் வாழ்க்கை வட்டம்

இறால் முட்டையிடுவது கடலில். முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி பல பருவங்களைக் கடந்து, சில வாரங்களில் கண்ணாடிபோன்ற சிறு குஞ்சாகிறது. அப்போது அது ஏற்றநீரோடு கழிமுகத்துக்குள் நுழைகிறது. கண்டல் வேர்களிடையே பகைவரிடமிருந்து மறைவும், மட்கிய உணவும் அதற்குக் கிடைக்கின்றன. சில மாதங்கள் வளர்ந்தபின் மீண்டும் கடலுக்குச் செல்கிறது. கரையோரத்தில் கண்டல் குறைந்தால் கடலில் பிடிபடும் இறாலும் குறையக்கூடும் என்பதற்கு இதுவே காரணம்.

இன்றைய வளர்ப்புக் குளங்கள் காட்டின் குஞ்சை நம்பி இருப்பவை அல்ல. 2009-ல் வணிக வளர்ப்புக்கு அனுமதிக்கப்பட்ட வனாமி இறால் அமெரிக்கக் கண்டங்களின் பசிபிக் கரைக்கு உரியது. அதன் குஞ்சுகள் பொரிப்பகங்களில் உற்பத்தியாகின்றன. இதனால் ஒரு நன்மை விளைந்தது. புலி இறால் வளர்ப்பு ஓங்கியிருந்த காலத்தில், சுந்தரவனத்தில் ஏழை மக்கள், சிறப்பாகப் பெண்களும் சிறுவர்களும், நீரில் இறங்கி நுண்வலை இழுத்துக் குஞ்சு பிடித்தனர். வேண்டிய குஞ்சைப் பொறுக்கியபின் எண்ணற்ற மற்ற மீன்குஞ்சுகள் கரையில் வீசப்பட்டு மடிந்தன. முதலையின் அச்சமும் உவர்நீர் தரும் நோயும் அப்பெண்களுக்கு நாள்தோறும் இருந்தன. பொரிப்பகக் குஞ்சு பரவப் பரவ இம்முறைக்குத் தேவை குறைகிறது. ஆனால் குஞ்சு காட்டிலிருந்து வரவில்லை என்பதால் குளத்துக்குக் காடு வேண்டாம் என்று முடிவு செய்வது தவறு.

காட்டை அழித்த இடத்தில் குளம் ஏன் நிலைப்பதில்லை

முதற் காரணம் மண். கண்டல் காட்டின் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமம் படிந்திருப்பதுண்டு. நீருக்கடியில், காற்றுப்படாத நிலையில், அது தீங்கு செய்வதில்லை. குளம் வெட்டும்போது அம்மண் தோண்டப்பட்டுக் கரையாகக் குவிக்கப்படுகிறது. காற்றுப் பட்டவுடன் பைரைட் ஆக்ஸிகரணமடைந்து கந்தகாமிலம் உண்டாகிறது. மழை பெய்யும்போது இந்த அமிலம் கரையிலிருந்து வழிந்து குளத்தில் இறங்குகிறது. நீரின் காரத்தன்மை குறைகிறது. இறாலின் ஓடு கடினமாவது தடைப்படுகிறது. இயற்கை உணவாகிய பாசியும் வளர்வதில்லை. உழவர் சுண்ணாம்பு இடுகிறார். அடுத்த மழையில் மீண்டும் அமிலம் இறங்குகிறது. காட்டை வெட்டிக் கிடைத்த நிலம் மலிவு என்று எண்ணியவர், அம்மலிவைச் சுண்ணாம்புக் கணக்கில் திருப்பிக் கட்ட நேர்கிறது.

இரண்டாவது காரணம் கழிவு. ஒரு ஹெக்டேர் குளத்தில் 5 டன் இறால் விளைவதாகக் கொள்வோம். ஒரு கிலோ இறாலுக்கு ஒன்றரைக் கிலோ தீவனம் என்றால், 7,500 கிலோ தீவனம் வேண்டும். தீவனத்தில் புரதம் 35 சதவீதமானால், அதில் அடங்கிய நைட்ரஜன் ஏறத்தாழ 420 கிலோ. இதில் இறாலின் உடலாக மாறுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எஞ்சிய 280 கிலோவில் ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. மற்றது நீரிலும் அடிச்சேற்றிலும் தங்குகிறது. அறுவடையின்போது திறந்துவிடப்படும் நீர் இந்தச் சுமையோடு ஓடையில் கலக்கிறது.

கண்டல் காடு இச்சுமையை வடிகட்டாதா என்று கேட்கலாம். ஓரளவு வடிகட்டும். ஆனால் 1995-ல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, ஒரு ஹெக்டேர் குளத்தின் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் நீக்க, வளர்ப்பின் தீவிரத்தைப் பொறுத்து, 2 முதல் 22 ஹெக்டேர் வரை காடு வேண்டும். இதிலிருந்து இரு உண்மைகள் விளங்கும். காட்டைக் குறைத்துக் குளத்தைப் பெருக்கினால் வடிகட்டி சிறுக்கிறது, அழுக்கு பெருகுகிறது. மேலும், எவ்வளவு காடு இருந்தாலும் அதனைச் சாக்கடையாகக் கருதுவது முறையன்று; கழிவுநீர் பண்ணையிலேயே தெளிவிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது காரணம் நோய். ஓர் ஓடையின் இரு கரைகளிலும் குளங்கள் நெருங்கும்போது, ஒருவர் வெளியேற்றும் நீரையே அடுத்தவர் உள்ளே எடுக்கிறார். 1994-ல் இந்தியாவில் தோன்றிய வெள்ளைப்புள்ளி நோய் இவ்வாறே குளத்துக்குக் குளம் தாவியது. கடன் வாங்கிக் குளம் வெட்டியவர்கள் சில நாட்களில் முழு விளைச்சலையும் இழந்தனர். பல குளங்கள் கைவிடப்பட்டன. காடும் போய், குளமும் போய், உவர்நிலம் மட்டும் எஞ்சிய இடங்கள் உண்டு. இவ்விழப்பில் குளம் வெட்டாதவருக்கும் பங்கு உண்டு: ஓடையில் மீன் குறைந்த மீனவரும், கிணற்றில் உவர் ஏறிய அண்டை உழவரும் ஒரு காசும் ஈட்டாமலே நட்டம் அடைந்தனர்.

பழைய முறைகள் கற்பிப்பவை

உவர்நிலத்தில் இறால் வளர்ப்பது நம் நாட்டுக்குப் புதியது அன்று. கேரளத்தின் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களில் உள்ள பொக்காளி வயல்கள் இதற்குச் சிறந்த சான்று. ஜூன் மாத மழை வயலின் உப்பைக் கழுவியபின், உயர்ந்து வளரும் பொக்காளி நெல் பயிரிடப்படுகிறது. அறுவடையில் கதிரை மட்டும் கொய்து, தாளை வயலிலேயே விட்டுவிடுகின்றனர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மதகைத் திறந்து ஏற்றநீரை உள்ளே விடுகின்றனர். அதனுடன் இறால் குஞ்சுகளும் வருகின்றன. அழுகும் வைக்கோல் அவற்றுக்கு உணவைப் பெருக்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பேரோத நாட்களில், இறங்கும் நீரோடு வெளியேறும் இறாலை மதகில் கட்டிய பைவலை பிடித்துக்கொள்கிறது. இறாலின் எச்சமும் மட்கிய தாளும் அடுத்த நெல்லுக்கு உரம் ஆகின்றன. வாங்கிய தீவனம் இல்லை. இரசாயன உரமும் இல்லை.

விளைச்சல் குறைவே. ஆனால் இம்முறை காலத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது: ஆறு மாதம் நெல்லுக்கு, ஆறு மாதம் இறாலுக்கு. ஆண்டு முழுவதும் இறாலே வளர்க்க முற்பட்ட வயல்களில் மழைநீர் உப்பைக் கழுவும் வாய்ப்பும் இல்லை, வைக்கோலும் இல்லை. ஒரு நெல், ஒரு மீன் என்ற கொள்கையைக் கேரள அரசு வலியுறுத்துவதன் கருத்து இதுவே.

கோவாவின் கசான் நிலங்களிலும், கர்நாடகத்தின் கஜனி வயல்களிலும், வங்காளத்தின் பேரிகளிலும் இதன் இனமான முறைகள் உள்ளன. கசான் நிலத்தின் வெளிக்கரைக்கு அப்பால் நிற்கும் கண்டல் அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கிறது. கண்ணூர் மாவட்டத்துப் பழயங்காடியில் வாழ்ந்த கல்லேன் பொக்குடன், 1989 முதல் ஆற்றோரத்தில் கண்டல் கன்றுகளை நட்டு வளர்த்தார். வயல்வரப்பை அலை அரிப்பதைத் தடுப்பதே அவரது தொடக்க நோக்கம். பள்ளிக் கல்வி மிகக் குறைந்த ஓர் உழைப்பாளி, கண்டலும் கரையும் ஒன்றையொன்று தாங்குவதைத் தம் அனுபவத்தால் கண்டறிந்தார். 2015-ல் அவர் மறையும்போது கேரளம் அவரைக் கண்டலின் காவலராகப் போற்றியது.

சட்டம் வந்த வழி

1990-க்குப் பின் இறால் பண்ணைகள் வேகமாகப் பெருகியபோது, தமிழ்நாட்டுச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11-ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மரபுமுறை, திருந்திய மரபுமுறைக் குளங்கள் தவிர மற்றவை அமைக்கலாகாது என்றும், விளைநிலம், உப்பளம், கண்டல், சதுப்பு, காடு ஆகியவற்றை இறால் குளமாக மாற்றலாகாது என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது.

2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் நிறைவேறியது. 2023-ல் அது திருத்தப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆணையத்திடம் பண்ணைகள் பதிவு பெறவேண்டும். இச்சட்டத்தையொட்டி வந்த வழிகாட்டு விதிகள், கண்டல் நிலத்தைப் பண்ணையாக மாற்றுவதை விலக்கியதோடு, 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகளுக்குக் கழிவுநீர்த் தெளிவிப்பு அமைப்பையும் கட்டாயமாக்கின. 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி, அரசு நிலத்தில் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கண்டலைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளி விடப்படவேண்டும்.

சட்டம் எல்லையைக் குறிக்கும்; எல்லைக்குள் நல்ல பண்ணை அமைப்பது உழவரையும், அவருக்கு வழிகாட்டும் பணியாளரையும் பொறுத்தது.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

1. இடம்: குளம் காட்டுக்குள் அமையலாகாது, காட்டுக்குப் பின்னால், சாதாரண ஓதம் எட்டாத மேட்டில் அமையவேண்டும். அத்தகைய இடத்தில் நீரை இறைத்து நிரப்பவும், அறுவடைக்குப்பின் முற்றும் வடித்து உலர்த்தவும் இயலும். தாழ்ந்த கண்டல் நிலத்துக் குளம் ஒருபோதும் நன்கு உலர்வதில்லை. உலராத குளத்தில் நோய்க்கிருமி தங்குகிறது.

2. ஓடை: எந்தச் சிற்றோடையையும் கரை போட்டு அடைக்கக்கூடாது. ஓர் ஓடை அடைபட்டால், அதன் மேற்பகுதியில் உள்ள காடு வெட்டப்படாமலே காய்ந்துவிடும். வெறுமையாகத் தோன்றும் சேற்றுவெளியும் நாளைய கண்டலுக்கான இடமாக இருக்கலாம்; ஓதம் அங்கே எட்டுகிறதா, கன்றுகள் முளைக்கின்றனவா என்று பார்த்தபின்பே கருத்துக் கூறவேண்டும்.

3. மண்: குளத்தின் அடியாழம் வரை மண்மாதிரி எடுத்து அமிலத்தன்மையைச் சோதிக்கவேண்டும். மஞ்சள் நிறத் திட்டுகள் தோன்றும் மண்ணை ஐயத்தோடு நோக்கவேண்டும்.

4. நீர்: நீர் எடுக்கும் வாயும் கழிவு விடும் வாயும் தனித்தனியே, ஒன்றிலிருந்து ஒன்று விலகி இருத்தல் வேண்டும். கழிவுநீரைத் தெளிவிப்புக் குளத்தில் தேக்கி, வண்டல் படிந்தபின் வெளிவிடவேண்டும். அடிச்சேற்றை ஓடையிலோ காட்டிலோ கொட்டலாகாது.

5. குஞ்சும் தீவனமும்: சோதிக்கப்பட்ட பொரிப்பகக் குஞ்சையே வாங்கவேண்டும். தீவனத் தட்டில் மிச்சம் உள்ளதா என்று பார்த்து அடுத்த வேளைத் தீவனத்தைக் குறைக்கவேண்டும். மிஞ்சிய தீவனம் உழவருக்குச் செலவு, ஓடைக்கு அழுக்கு.

6. கரை: குளத்தின் வெளிக்கரைக்கும் ஓடைக்கும் இடையே கண்டல் வரிசையைக் காத்தல் வேண்டும். தீவிர வளர்ப்புக் குளத்தின் உள்ளே மரம் நடுவது நன்றன்று. உதிரும் இலை அழுகிப் பிராணவாயுவைக் குறைக்கும். இறாலை அடர்த்தியின்றி வளர்க்கும் அகன்ற குளங்களில் மட்டும், உட்கரையிலும் திட்டுகளிலும் கண்டல் நடலாம். கிருஷ்ணையாற்றுக் கழிமுகத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இவ்வாறு கண்டலையும் மீனையும் இணைத்து வளர்க்கும் முறையைச் செயல்படுத்தியுள்ளது.

7. கூட்டுறவு: ஓர் ஓடையைப் பகிர்ந்துகொள்ளும் உழவர்கள் ஒரே பட்டியலின்படி நீர் எடுக்கவும், குஞ்சு விடவும், உலர்த்தவும் உடன்பட வேண்டும். சிறு உழவர்களைச் சங்கங்களாகத் திரட்டும் பொருட்டு 2007-ல் நீடித்த நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான தேசிய மையம் ஏற்படுத்தப்பட்டது. தனி உழவர் எவ்வளவு திறமையானவராயினும், அண்டைக் குளத்தின் நோயிலிருந்து தனியே தப்ப இயலாது.

கைவிடப்பட்ட குளங்கள்

புதிய குளத்துக்கு இடம் கேட்பவரிடம், முதலில் பழைய குளங்களைக் கணக்கெடுக்குமாறு கூறுதல் தகும். மேட்டில் உள்ள நல்ல குளத்தைத் திருத்திப் பயன்படுத்தலாம். தாழ்ந்த கண்டல் நிலத்தில் வெட்டிக் கைவிட்ட குளத்தை ஓதத்துக்கே திருப்பிக் கொடுப்பது மேல்.

திருப்பிக் கொடுப்பது என்றால் கன்று நடுவது என்று பலர் கருதுகின்றனர். நீர் வந்து போகாத குளத்தில் நட்ட கன்று, சில மாதங்களில் உவரால் காயும் அல்லது தேங்கிய நீரில் மூழ்கி மாளும். எனவே முதற்பணி கரையை உரிய இடங்களில் உடைத்து, பழைய ஓடைகளைத் திறந்துவிடுதல். நீர்வழி திரும்பினால், அருகில் தாய்மரங்கள் உள்ள இடங்களில் விதைகள் தாமே மிதந்து வந்து ஊன்றுகின்றன. அவை வராத இடத்தில் மட்டும், மண்ணின் உயரத்துக்கு ஏற்ற மரவகையைத் தேர்ந்து நடவேண்டும். தமிழ்நாட்டின் பிச்சாவரத்திலும் ஆந்திரத்தின் கழிமுகங்களிலும், சீரழிந்த கண்டல் நிலத்தில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரைப் பாய்ச்சிய முறை நற்பயன் தந்தது. அவ்வாய்க்கால்களில் வண்டல் படியும். அவ்வப்போது தூர்வாராவிட்டால் முதல் உழைப்பும் வீணாகும். 2023-ல் மத்திய அரசு தொடங்கிய மிஷ்டி திட்டம், ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டர் பரப்பில் கண்டலைப் பெருக்கவும் புதுப்பிக்கவும் இலக்கு வகுத்தது. அத்தகைய திட்டங்களின் வெற்றியை, நட்ட கன்றுகளைக் கொண்டு அளத்தல் போதாது; மூன்றாம் ஆண்டில் நிலைத்து நிற்கும் கன்றுகளை எண்ணியே அளக்கவேண்டும்.

பள்ளியில் செய்து காண

கடலோரப் பள்ளி ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு இரு எளிய சோதனைகளைச் செய்விக்கலாம்.

முதலாவது, மண் சோதனை. கண்டல் நிலத்தின் ஓரத்தில், முழங்கை ஆழத்துக் கருஞ்சேற்றில் ஒரு கைப்பிடி எடுத்து, நிறமாறு தாளால் அமிலத்தன்மையைக் குறித்துக்கொள்ளவேண்டும். பின்னர் அதை ஒரு தட்டில் விரலளவு கனத்தில் பரப்பி, நிழலில் வைத்து, காயாதபடி நாள்தோறும் சிறிது நன்னீர் தெளித்துவரவேண்டும். வாரம் ஒருமுறை சோதித்து எட்டு வாரம் பதிவு செய்க. பைரைட் நிறைந்த மண்ணானால், தொடக்கத்தில் ஏழை ஒட்டியிருந்த அளவு நான்குக்கும் கீழே இறங்கும். குளக்கரையில் மண் குவிக்கும்போது நிகழ்வது இதுவே என மாணவர் கண்ணால் காண்பர். சேற்றைத் தொட்டபின் கைகளை நன்கு கழுவுமாறு செய்தல் வேண்டும்.

இரண்டாவது, ஓத அளவு. அங்குலக் கோடிட்ட ஒரு கழியை ஓடைக்கரையில், பெரியவர் துணையுடன் நட்டு, ஏற்றத்திலும் இறக்கத்திலும் நீர்மட்டத்தைப் பதினைந்து நாட்கள் குறிக்கவேண்டும். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி வேறுபாடு மிகுவதும், இடையே குறைவதும் தெரியவரும். எந்த மட்டத்தில் எந்த மரம் நிற்கிறது என்பதையும் உடன் குறித்தால், மாணவரின் ஏட்டில் அவ்வூரின் கண்டல் வரைபடம் ஒன்று உருவாகும். குளம் வெட்ட இடம் தேடி வரும் உழவருக்கும் அவ்வரைபடம் பயன்படும்.

இறால் குளம் ஒரு குடும்பத்துக்குச் சில மாதங்களில் வருவாய் தரும். கண்டல் காடு பல ஊர்களுக்குப் பல தலைமுறை காவல் தரும். முன்னதைப் பெறப் பின்னதை விற்க வேண்டியதில்லை. மேட்டில் குளம், பள்ளத்தில் காடு, இரண்டுக்கும் இடையே தடையின்றி வந்து போகும் ஓதம் என்ற ஒழுங்கு காக்கப்படுமானால், உவர்நிலம் இரண்டையும் தாங்கும்.